இருபத்திரண்டு மார்க் வாங்கிய கறுப்பு பீர்

1

இந்த மாதத்தோடு நான் மலேசியாவில் இருக்கும் ஈப்போவுக்கு வந்து இருபத்தைந்து வருடம் நிறைகிறது. கோவில்பட்டியில் கல்யாணம் முடிந்து, பினாங்கில் விமானத்தை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையாகவே வந்த சாலையில் தூங்கி விழுந்துகொண்டே வந்து சேர்ந்தேன். ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிப் போய்க் கூடத்தில் உட்காரவைத்தார்கள். என் வீட்டுக்காரர் நாதனின் தம்பி குணா, அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தவன், என் முன்னால் வந்து நின்று கேட்டான்.

"அண்ணி, தண்ணி கலக்கட்டுமா?"

நம் ஊரில் தண்ணி என்றால் எந்தத் தண்ணி, அதை யார் கலக்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "எனக்கு அந்தப் பழக்கம் இல்லைங்க" என்றேன். அவன் குழம்பிப் போய் அண்ணனைப் பார்த்தான். "அப்ப ஊர்ல காலைல என்னாதான் குடிப்பாங்க?" என்றான். நாதன்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். இங்கே டீயும் காப்பியும்தான் தண்ணி. சாப்பிட்டாயா என்பதற்குப் பசியாறிட்டீங்களா என்பார்கள். காருக்குக் காடி. காப்பிக்குக் கோப்பி. எல்லாம் தமிழ்தான், ஆனால் என் தமிழ் இல்லை என்று அன்று ராத்திரி படுக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குணாதான் இன்றைக்குப் பீர் காய்ச்சுகிறான். அதற்கு மார்க் போடுகிறவள் நான். இது எப்படி நடந்தது என்று ஊரில் பல பேர் பல விதமாகப் பேசிக்கொள்வதாகத் தகவல் வந்திருப்பதால், நடந்தது நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

2

இங்கே குடியுரிமைக்காரரைக் கட்டிக்கொண்டு வரும் பெண்ணுக்கு வருடா வருடம் விசா நீட்டிக்கவேண்டும். கடவுச்சீட்டில் குத்துகிற முத்திரையிலேயே வேலை செய்யக்கூடாது என்று இருக்கும். முதல் வருடம் குடிநுழைவு அலுவலகத்தில், முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா என்னைப் பார்த்து, "கெர்ஜா அப்பா?" என்று கேட்டார். கெர்ஜா என்றால் வேலை, அவ்வளவு கற்றிருந்தேன். அப்பாவின் வேலையைக் கேட்கிறார் என்று நினைத்து, "ரயில்வே, ரிட்டையர்டு" என்றேன். அப்பா என்றால் மலாயில் 'என்ன' என்று அர்த்தம். அவர் என் வயதைப் பார்த்தார், கடவுச்சீட்டைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் நல்லவர்கள், சத்தம் வராமல் சிரித்தார்கள்.

சில வருடம் கழித்து வேலைக்கு அனுமதி கிடைத்தது. ஈப்போவில் கோப்பித் தூள் செய்கிற கம்பெனி ஒன்றில் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்தேன். கொட்டை வறுக்கும் பகுதி பக்கத்திலேயே. ஒருநாள் காலை நான் மேற்பார்வையாளரிடம் போய், இன்றைக்கு வறுத்தது ஒரு பக்கம் பச்சையாக இருக்கிறது என்று சொன்னேன். "பாத்தியா?" என்றார். "பாக்கல, வாடை வந்துச்சு" என்றேன். திறந்து பார்த்தால் உருளையின் ஒரு பக்கத்தில் சூடு பிடிக்கவில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த கட்டடம் கடலைமிட்டாய்ப் பட்டறை. பள்ளிக்கூடம், கல்லூரி, பரீட்சை, காய்ச்சல் எல்லாமே வறுபடுகிற நிலக்கடலை வாடையில்தான் எனக்கு நடந்தன. எப்போது பச்சை வாடை போகும், எப்போது மணம் ஏறும், எப்போது எடுக்காவிட்டால் காந்திவிடும் என்பது ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் தெரியும். வேதியியல் பட்டமும் கையில் இருந்தது. கம்பெனியில் என்னைத் தரம் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு வறுவலையும் கரண்டியில் உறிஞ்சி, நாக்கில் பரப்பி, துப்பி, மார்க் போடுவதுதான் வேலை.

அடுத்த விசா நீட்டிப்பில் அதே கேள்வி வந்தது. இந்த முறை தயாராகப் போயிருந்தேன். "சாயா ரசா கோப்பி" என்றேன். நான் காப்பி ருசி பார்க்கிறேன் என்று சொன்னதாக எண்ணம். ரசா என்றால் ருசியும் உண்டு, நினைப்பதும் உண்டு. நான் சொன்னதன் அர்த்தம், 'எனக்கென்னவோ காப்பி என்று தோன்றுகிறது.' அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உறுதியாகத் தெரிந்த பிறகு சொன்னால் போதும் என்றார். இன்றைக்கு என் பையில் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை இருக்கிறது. அதை வாங்குவதற்குள் எத்தனை முறை என் வேலையைத் தப்பாகச் சொன்னேனோ கணக்கில்லை.

3

குணாவும் நாதனும் பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அது பிறகு செம்பனையாகி, குடும்பங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டன. குணா ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவனாகப் பல வருடம் இருந்துவிட்டு, ஆ வெங் என்ற சீன நண்பனோடு சேர்ந்து சின்னதாகப் பீர் ஆலை வைத்தான். உரிமம் கைக்கு வருவதற்குள் அவர்கள் ஏறாத அலுவலகம் இல்லை. இடம், கோப்பேங் போகிற வழியில், சுண்ணாம்புக்கல் மலை அடிவாரத்தில், ஒரு பழைய தோட்டத்தின் கொட்டகை. ரப்பர்ப் பாலைத் தகடாக்கிப் புகையில் காயவைத்த கட்டடம். சுவர் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.

இரண்டு வருடம் வெளிர் நிறப் பீர் மட்டும் காய்ச்சினார்கள். ஓரளவு ஓடியது. ஆனால் அந்த மாதிரிப் பீர் எல்லாரிடமும் இருக்கிறது. தனக்கென்று ஒன்று வேண்டும் என்று குணா போர்ட்டரில் இறங்கினான். முளைகட்டிய பார்லியில் ஒரு பங்கைக் காப்பிக்கொட்டை மாதிரிக் கறுக்க வறுத்துச் சேர்த்துக் காய்ச்சுகிற பீர் அது. தோட்டத்து ஆட்களுக்கு ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் பல காலமாகப் பழக்கம். போர்ட்டர் அதற்குச் சொந்தம்தான், ஆனால் கொஞ்சம் சாந்தமான சொந்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, லேபிள் ஒட்டாத பாட்டில் ஒன்றையும் ஒரு தாளையும் என் முன்னால் வைத்தான்.

"அண்ணி, நீங்க கோப்பிக்குப் போடற மாரி இதுக்குப் போடுங்க. அம்பதுக்கு. மணத்துக்குப் பன்னெண்டு, பார்வைக்கு மூணு, ருசிக்கு இருவது, வாயில இருக்குற பதத்துக்கு அஞ்சு, மொத்தமா எப்படினு பத்து. அடுத்த வாரம் கடைங்களுக்கு அனுப்பப் போறோம்."

"எனக்குப் பீர் தெரியாதேப்பா."

"வறுவல் தெரியும்லா. போதும்."

நான் குடிக்கிறவள் இல்லை. ருசி பார்க்கிறவள். காப்பியைத் துப்பிவிடலாம், பீரை விழுங்கியே ஆகவேண்டும், அதன் கசப்பு தொண்டைக்குப் போனால்தான் முழுதாகத் தெரியும் என்றான். சரி என்று ஊற்றச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் கறுப்பு, ஓரத்தில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு சிவப்பு. நுரை பழுப்பாக, உடையாமல் நின்றது. பார்வைக்கு மூன்றுக்கு மூன்று போட்டேன். குணா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான்.

மணம் பரவாயில்லை. காப்பி வந்தது, பின்னால் லேசாகப் புகை. பிறகு ஒரு வாய். முதலில் இனிப்பு எட்டிப் பார்த்தது, அதை வறுவல் வந்து மூடியது, அதற்குப் பிறகு நாக்கின் பின்பக்கம் கரகரவென்று ஏதோ கடித்தது. விழுங்கிய பிறகும் அது போகவில்லை. கருகிய கொட்டைத் தூளில் காப்பி போட்டு, அதைத் திரும்பச் சுட வைத்துக் குடித்த மாதிரி. மார்க் போடவேண்டுமே என்று இன்னொரு வாய் எடுத்தேன். அதேதான்.

கூட்டிப் போட்டேன். இருபத்திரண்டு.

குணா தாளைப் பார்த்தான். நாதன் எட்டிப் பார்த்தார். அவர் தன் தம்பியின் எல்லாப் பீருக்கும் "நல்லாருக்குலா" என்ற ஒரே மார்க்கைத்தான் இதுவரை போட்டிருக்கிறார்.

"அண்ணி, இருவத்திரண்டுனா பெயிலு."

"இத இப்ப கடைக்கு அனுப்பாதப்பா. ரெண்டாவது வாய்க்கு மனசு வரல."

அவன் பாட்டிலை மூடினான். வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "அண்ணி ஊர்லேருந்து வந்தவங்கண்ணே. பீரு அவங்களுக்கு என்னா தெரியும்."

நாதன் உள்ளே வந்து, "ஒரு முப்பது போட்டிருந்தா என்னா? எவ்ளோ ஆசையா கொண்டாந்தான்" என்றார்.

"முப்பது போட்டா அவன் அனுப்பிடுவான்."

"நீ இருவத்திரண்டு போட்டாலும் அனுப்பத்தான் போறான்."

அது உண்மை. ஆனால் எனக்கு வலித்தது வேறு. இருபத்தைந்து வருடத்தில் இந்த வீட்டில் நான் பெற்ற பிள்ளை இருக்கிறாள், நான் வாங்கிய மேஜை இருக்கிறது. இன்னும் 'ஊர்லேருந்து வந்தவங்க'. பாத்திரம் கழுவும்போது அந்தச் சொல்லை நாக்கில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

4

குணா அனுப்பினான். ஈப்போ பழைய டவுனில் பீர்க் கடை வைத்திருக்கும் ஒருவர் முதலில் வாங்கினார். பத்து நாள் கழித்து, மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "எல்லாரும் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிக்கிறாங்க. யாரும் இரண்டாவது கேட்கல" என்றாராம். இதை நாதன்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தொலைக்காட்சியைப் போட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இல்லை. தீபாவளிக்குக் குணா வீட்டில் இருந்து அவன் மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். அவன் வரவில்லை, ஆலையில் வேலை என்றார்கள். முறுக்கு டப்பாவை நிரப்பிக் கொடுத்தனுப்பினேன். டப்பா கழுவித் திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் மகள் யாழினி விடுமுறைக்கு வந்திருந்தாள். கோலாலம்பூரில் கடைசி வருடம் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், நடுவில் இரண்டு மலாய்ச் சொல். தமிழ் பேசு என்றால், "பேசிக்கிட்டுதானேமா இருக்கேன்" என்று ஆங்கிலத்தில் சொல்வாள். சண்டை போட்டுச் சலித்துப்போய் நானும் விட்டிருந்தேன். அவள் பேசுவது பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவதில் பாதி அவளுக்குச் சொல்லே தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் மரியாதையாக இருந்தோம்.

ஒருநாள் காலை நான் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது குணாவின் காடி வாசலில் நின்றது. உள்ளே வராமல் சாய்ந்துகொண்டு நின்றான். இளைத்திருந்தான்.

"அண்ணி, ஆ வெங் சொல்றான், இன்னும் ஒரே ஒரு தடவ காய்ச்சிப் பாப்போம், சரியா வரலனா கறுப்ப விட்டுடலாம்னு. வெள்ளப் பீரு மட்டும் வச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. எல்லாத்தையும் மூடுற மாரிதான்." பிறகு, "நீங்க வந்து என்னா தப்புனு சொல்லணும். மார்க்க மட்டும் போட்டீங்க, ஏன்னு நான் கேக்கவே இல்ல" என்றான்.

"நாளைக்கு வாரேன்லா" என்றேன். அந்தக் கடைசி 'லா' இங்கே வந்து நான் கற்றுக்கொண்டது. நம் ஊரில் வாரேன் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

5

ஆலைக்கு யாழினிதான் காடி ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆ வெங்குக்குத் தமிழில் 'அக்கா' என்ற ஒரே சொல்தான் தெரியும், என் ஆங்கிலமும் மலாயும் ருசியைப் பற்றிப் பேசப் போதாது. அதனால் மொழிபெயர்க்க அவள் வேண்டியிருந்தது. நான் சும்மா போகவில்லை. அரிசியை மூன்று பதத்தில் வறுத்து மூன்று சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டேன். ஒரு துண்டு பாக்கு, கொஞ்சம் புளி, கம்பெனியில் ஒதுக்கிப்போட்ட கருகிய காப்பிக்கொட்டை.

தொட்டிகளுக்கு நடுவில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தோம். திரும்பி வந்த பாட்டிலில் ஒன்றைத் திறந்தார்கள்.

ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன். "முன்னால வர்றது காந்தல். அது தப்பில்ல, அது வேணும்."

"காந்தல்னா என்னாமா? பர்ன்ட்டா?" என்றாள் யாழினி.

"இல்ல. பர்ன்ட்னா கருகல். காந்தல் வேற."

"ரெண்டும் ஒன்னுதானேமா."

அவள் உள்ளங்கையில் அரிசியைக் கொட்டினேன். "இது சிவந்தது. கடிச்சுப் பாரு. இது காந்தினது. இது கருகினது."

மென்றாள். இரண்டாவதை மென்றபோது அவள் புருவம் ஏறியது. மூன்றாவதைத் துப்பினாள். பிறகு இரண்டாவதை இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். ஆ வெங் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னாள். அவள் பேச்சில் காந்தல் என்ற சொல் மட்டும் அப்படியே தமிழில் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னாள். ஆ வெங்கும் அரிசியை மென்றுவிட்டு, எழுந்து போய், சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் ரோமன் எழுத்தில் அந்தச் சொல்லை எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டான்.

"பின்னால கடிக்குதே, அது என்னா?" என்றான் குணா.

அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முழுக்கக் கருகல் என்று நினைத்தேன். இப்போது கருகிய கொட்டையைக் கடித்துவிட்டுப் பீரைக் குடித்தால் இரண்டும் ஒட்டவில்லை. கருகல் கொஞ்சம் இருந்தது. ஆனால் கடிப்பது அது இல்லை. பாக்கைக் கடித்துப் பார்த்தேன், துவர்ப்பும் இல்லை. யாழினி கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"மா, இது அசாம் மாரி இருக்கு. புளிக்குது."

அசாம் என்றால் இங்கே புளி. நான் கொண்டுபோன புளியை நாக்கில் வைத்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தேன். அவள் சொன்னது சரி. வறுவலுக்கு அடியில் ஒரு கூர்மையான புளிப்பு உட்கார்ந்துகொண்டு, காந்தலைக் கருகலாகக் காட்டிக்கொண்டிருந்தது.

குணா கிளாஸைக் கீழே வைத்தான். "கறுப்பு பார்லில புளிப்பு இருக்கும். ஆனா இவ்ளோ வெளிய தெரியக்கூடாதுலா. ஏதாச்சும் அத அமுக்கணும்." அவன் கண் கொட்டகையின் மூலைக்குப் போனது. அங்கே தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் நின்றது. இரண்டு பேரும் ஆசைப்பட்டு வாங்கியது.

"தண்ணிதான்" என்றான். "நாமதான் எல்லாத்தையும் எடுத்துட்டோம்."

கொட்டகைக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. ரப்பர்க் காலத்தில் தோண்டியது. மலையடிக் கிணறு, தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. அங்கே வேலை செய்பவர்கள் கெண்டியில் வெந்நீர் வைத்தால் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டிவிடும். அது அசுத்தம் என்று நினைத்து, இயந்திரத்தில் விட்டு எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டுத்தான் இவர்கள் காய்ச்சினார்கள். வெளிர் பீருக்கு அது சரி. கறுப்பு வறுவலின் புளிப்பை அமுக்க அந்தச் சுண்ணாம்பு வேண்டும். "படிச்சிருக்கேன் அண்ணி. லண்டன்காரன் கெட்டித் தண்ணிலதான் இதக் காய்ச்சுனான். சுத்தமா இருந்தா இன்னும் நல்லா வரும்னு நெனச்சிட்டேன்" என்றான் குணா.

ஆ வெங் அரைமனதாக இருந்தான். யாழினியும் அவனும் ஆங்கிலத்தில் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அவன் என்னைப் பார்த்து, "அக்கா, ஓகே. லாஸ்ட் ஒன்" என்றான்.

கிளம்பும் முன் நான் இன்னொன்று கேட்டேன். "கறுப்பு வறுவல எப்ப போடறீங்க?"

"ஆரம்பத்துலயே, எல்லாத்தோடயும்."

"காப்பித்தூள அவ்வளவு நேரம் சூட்டுல போட்டு வச்சா குடிக்க முடியுமா? அத மட்டும் தனியா பச்சத் தண்ணில ஊறவச்சு, கடைசில ஊத்தேன்."

குணா ஆ வெங்கைப் பார்த்தான். ஆ வெங் பலகையைப் பார்த்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் யாழினி மீதி அரிசியை டப்பாவில் இருந்து எடுத்து மென்றுகொண்டே ஓட்டினாள். "துவர்ப்புனா அந்தப் பாக்குதானே? கரகரப்புனா?" என்று கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தேன். சிம்பாங் பூலாய் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தபோதுதான் கவனித்தேன், அவள் கால் மணி நேரமாகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள்.

6

பீர் காய்ச்சிப் புளிக்கவைத்துப் பதமாக வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் குணா போன் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. பாட்டில் தயாரானது என்று சொன்னதும் நான் ஒரு நிபந்தனை போட்டேன். எது யாருடையது என்று எனக்குத் தெரியக்கூடாது. வெளிநாட்டுப் போர்ட்டர் இரண்டு வாங்கி வையுங்கள், மூன்றையும் ஒரே மாதிரிக் கிளாஸில் ஊற்றுங்கள் என்றேன். அதற்காகவே யாழினி கோலாலம்பூரில் இருந்து வந்தாள். அவள்தான் சமையலறையில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். எது எது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

குணா எதிரில் உட்கார மாட்டேன் என்று வாசற்படியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆ வெங் சுவரோரம் நின்றான். நாதன் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் குடிக்கும்போதெல்லாம் தானும் எச்சில் விழுங்கினார்.

முதல் கிளாஸ் நன்றாக இருந்தது. இனிப்புக் கொஞ்சம் தூக்கல். முப்பத்தெட்டு போட்டேன். மூன்றாவது மெல்லியதாக, அவசரமாக முடிந்துபோனது. முப்பத்தொன்று.

நடுவில் இருந்ததை முகர்ந்ததும் கையை அப்படியே வைத்துக்கொண்டேன். வறுபட்டு முடிந்து, சட்டியில் இருந்து கொட்டிய கடலையின் மணம். அதன் அடியில் கருப்பட்டி. ஒரு வாய் எடுத்தேன். இனிப்பு வந்து நின்றது, வறுவல் அதை மூடாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, சாக்லேட் மாதிரி ஒரு கொழுப்பு நாக்கு முழுக்கப் பரவியது. கசப்பு வந்தது, வேலையைப் பார்த்தது, போய்விட்டது. எதுவும் கடிக்கவில்லை. கையில் பேனா இருப்பதை மறந்து இரண்டாவது வாய் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் எழுதினேன். மணத்துக்குப் பத்து, பார்வைக்கு மூன்று, ருசிக்குப் பதினெட்டு, பதத்துக்கு நான்கு, மொத்தத்துக்கு எட்டு.

"நாப்பத்தி மூணு. நடு கிளாஸ்" என்றேன்.

யாழினி பையில் இருந்து தாளை எடுத்துப் பிரித்தாள். படிக்கும் முன்பே அவள் முகம் சொல்லிவிட்டது. "சித்தப்பா, திரும்புங்க" என்றாள்.

குணா திரும்பினான். "நெசமாவா அண்ணி? சும்மா சொல்லலயே?"

"உனக்குச் சும்மா சொல்றவளா நான்?"

அவன் எழுந்து வந்து அந்தக் கிளாஸில் மீதி இருந்ததை ஒரே மடக்கில் குடித்தான். குடித்துவிட்டு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றான். நாதன் தம்பியின் முதுகில் கை வைத்து, "நல்லாருக்குலா" என்றார். அவர் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை.

7

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பழைய டவுன் கடைக்காரர் முதலில் மறுத்து, ஆ வெங் விடாமல் கெஞ்சியதால் கொஞ்சம் எடுத்து, நான்காம் நாளே இன்னும் அனுப்பச் சொன்னார். தாப்பா, சித்தியவான் ஊர்க் கடைகளில் இருந்தும் கேட்டார்கள். பக்கத்து நாடுகளின் சிறிய பீர்க்காரர்கள் எல்லாம் கலந்துகொள்கிற ஒரு போட்டி கோலாலம்பூரில் நடந்தது. குணா பாட்டில்களை அனுப்பிவிட்டு, நாங்கள் அத்தனை பேரும் போய் உட்காரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஹோட்டல் மண்டபம். குளிர். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன், அந்த மண்டபத்தில் அது ஒன்றுதான் பட்டுப்புடவை.

கறுப்பு பீர்ப் பிரிவில் மூன்றாவது இடம் சொன்னார்கள், இரண்டாவது சொன்னார்கள், இரண்டிலும் எங்கள் பெயர் இல்லை. குணா அவ்வளவுதான் என்று பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தான். அப்போதுதான் முதல் இடம் சொன்னார்கள். ஈப்போ என்று கேட்டது. ஆ வெங் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். குணா எழுந்து இரண்டு அடி போனவன், திரும்பி வந்து என் கையைப் பிடித்தான்.

"வாங்க அண்ணி."

"நான் எதுக்குப்பா?"

"வாங்கலா."

மேடையில் ஆ வெங் பதக்கத்தை வாங்கி என் கழுத்தில் மாட்டினான். தொகுப்பாளர் என் புடவையைப் பார்த்துவிட்டு மைக்கை நீட்டி, நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இருபத்தைந்து வருடத்தில் நான் தப்பாகச் சொன்ன அத்தனை பதிலும் ஒரு கணம் தொண்டைக்கு வந்து நின்றது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுத் தமிழிலேயே சொன்னேன்.

"இதோட முதல் காய்ச்சலுக்கு இருபத்திரண்டு மார்க் போட்டவ நான்தான்."

குணா மைக்கை வாங்கி மொழிபெயர்த்தான். "என் அண்ணி" என்பதை மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு முறை சொன்னான். மண்டபம் சிரித்தது, பிறகு கைதட்டியது, நாங்கள் கீழே இறங்கும்வரை நிறுத்தவில்லை. நடுவர்களில் ஒருவர், நரைத்த தாடி வெள்ளைக்காரர், நான் நடந்து போகும்போது நாற்காலியில் இருந்து எழுந்து நின்று தலையசைத்தார்.

பிறகு ஆ வெங் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் காந்தல் என்ற சொல்லை விளக்கிக்கொண்டிருந்தான். அவன் உச்சரிப்பு மோசம். யாழினி கூடவே போய்த் திருத்தினாள்.

அவள்தான் இன்னொரு காரியமும் செய்தாள். பட்டுப்புடவையும் கழுத்தில் பதக்கமும் கையில் கறுப்பு பீரும் நுரையுமாக நான் சிரிக்கிற படத்தை, என்னைக் கேட்காமல், கோவில்பட்டிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். முதலில் பெரியப்பாவிடம் இருந்து ஒரு கேள்விக்குறி வந்தது. சித்தி மகன் மட்டும் கட்டைவிரல் போட்டு, அதையும் எடுத்துவிட்டான்.

மறுநாள் காலை அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, அது பீராமே."

"ஆமாம்மா."

"முழுங்குனியா, துப்புனியா?"

"முழுங்குனாத்தாம்மா தெரியும்."

பின்னால் அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது. அம்மா எழுந்து போய் அதன் சத்தத்தைக் குறைப்பதும் கேட்டது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"எத்தன மார்க்கு போட்ட?"

"நாப்பத்தி மூணு."

"எத்தனைக்கு?"

"அம்பதுக்கும்மா."

"மீதி ஏழு எங்கட்டி போச்சு?"